"வீட்டைக் கட்டிட்டன், அதுக்குள்ள இருக்கத் தெரியல்ல"

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு சகோதரி நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியும் விட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

வயது 42. ஒன்பது வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டுப் போன வருடம் திரும்பி வந்திருக்கிறார். கணவர் வாவியில் மீன்பிடிக்கிறவர். மகளுக்கு 16, மகனுக்கு 12. அம்மாவும் கூடவே இருக்கிறார். அம்மா சீதனமாகக் கொடுத்த வளவில் முன்பு ஓர் ஓலைக் குசினியும் ஒற்றை அறையும்தான். இவர் அனுப்பிய காசில் இப்போது அங்கே மூன்று அறையும் முன் மண்டபமும் உள்ள கல்வீடு நிற்கிறது. நிலத்துக்கு மாபிள் பதித்தாயிற்று, சீலிங் மட்டும் பாக்கி.

"வீட்டைக் கட்டிட்டன் அக்கா, ஆனா அதுக்குள்ள இருக்கத் தெரியல்ல" என்று எழுதியிருக்கிறார். விடியப்புறம் மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம். நாள் முழுக்கக் கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, கழுவுவது. எதிலும் ஒரு சந்தோசமும் இல்லை. போனில் வீட்டலங்கார வீடியோக்களைப் பார்த்துவிட்டு, விடியற்காலை கோலம், குத்துவிளக்கு, கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விடுவது என்று தொடங்கியிருக்கிறார். பத்து நாளில் விட்டுப்போயிற்று. "என்னால இதுகூட ஏலாமப் போச்சு." கணவர், "ஆருக்குக் காட்டுறதுக்கு இந்தக் கூத்து?" என்கிறார். அம்மாவோ, "உனக்கு என்னகா புடிச்சிருக்கு, வெளிநாட்டுக் கொழுப்பா?" என்கிறார். மகள் ஒருநாள், "அம்மா, நீங்க போன்ல கதைக்கக்குள்ளதான் நல்லாச் சிரிச்சீங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

கடிதத்தில் இன்னும் மூன்று விடயங்கள் உண்டு. சீலிங்குக்கும் சோபா செட்டுக்கும் ஷோகேஸுக்கும் இரண்டரை லட்சம் கடன் எடுக்கலாமா என்று யோசிக்கிறார். கணவர், "காணி உறுதி உன்ட பேரில எண்டாலும் நான் கையெழுத்து வைக்காட்டி ஒண்டும் செய்யேலாது" என்கிறாராம். மற்றது, ஏஜென்சிக்காரர் திரும்பவும் அழைக்கிறார், இரண்டு வருடம் போய் வந்தால் எல்லாம் முடித்துவிடலாமோ என்றும் ஒரு யோசனை. கடைசியாக, வெட்கத்தோடு ஒன்று. காத்தான்குடியில் ஒரு கடைக்குள் போனபோது பகூர் (அரபு வீடுகளில் கரியில் போட்டுப் புகைக்கிற வாசனைப் பொருள்) புகைக்கிற வாசம் வந்து, அந்தக் குவைத் வீட்டின் வியாழக்கிழமைப் பின்னேரங்கள் ஞாபகம் வந்து, அங்கேயே நின்று அழுதுவிட்டாராம். "வேலைக்காரியா இருந்த வீட்டை நினைச்சு அழுறன், எனக்கு விசரா?"

---

தங்கச்சி, விசர் இல்லை. அதைப் பிறகு விளக்குகிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிகளைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் உடம்பையும் மனதையும் பார்ப்போம்

மூன்றரைக்கு விழிப்பு, பிறகு தூக்கமில்லை. ஆறு மாதத்தில் சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது. எதிலும் சந்தோசமில்லை. இது வீட்டலங்காரத்தால் வந்த பிரச்சினையாக இல்லாமலும் இருக்கலாம். முன்பு பிடித்திருந்த எதுவுமே பிடிக்காமல், மனம் சோர்ந்தபடி, தூக்கமும் சாப்பாடும் குழம்பி, இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாமா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே குணமாகும். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து மாற்றங்கள் இவையும் ஏறக்குறைய இதே முகத்தோடு வரும். உங்கள் வயதில் இதையெல்லாம் ஓர் இரத்தப் பரிசோதனையோடு பார்த்துவிட வேண்டும். பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. மனநலப் பிரிவுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கினால் முதலில் சாதாரண வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், தூக்கமில்லை, உடம்பு மெலிகிறது என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.

இரண்டாவது வரி, "சிலநேரம் வாவிக் கரையில போய் நிண்டா நல்லா இருக்கும் போல." இதைக் காற்று வாங்குவதற்காக எழுதினீர்களா, வேறு எண்ணத்தில் எழுதினீர்களா என்று கடிதத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் நேரே கேட்கிறேன். செத்துப் போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது சரியல்ல. கேட்டால் பெரும்பாலும் பாரம்தான் குறையும். ஆமென்றால் இந்தப் பதிலை இதோடு நிறுத்திவிட்டு 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை, இரவிலும் இயங்கும். அக்கா தங்கை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இராதீர்கள். இல்லையென்றால், மேலே வாசியுங்கள்.

பரிசோதிக்கிற கண்

நீங்கள் ஏழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்கள் வீட்டைப் பற்றி என்னென்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். யன்னல் விளிம்பில் தூசு, குசினிச் சுவரில் எண்ணெய்க் கறை, மாபிளில் மகனின் கால்தடம், சீலிங் இல்லாததால் ஓட்டுக்கிடையால் விழுகிற குப்பை, அம்மா வெற்றிலை போட்டுத் துப்புகிற இடம். எல்லாமே குறை. அழகாக இருக்கிறது என்று சொன்ன ஒன்றுகூட இல்லை. குவைத் வீட்டைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்திலோ குறையே இல்லை.

ஒன்பது வருடம் உங்கள் கண்ணுக்கு ஒரு வேலை பழக்கப்பட்டிருக்கிறது. ஒரு அறைக்குள் நுழைந்ததும் எஜமானி கண்டுபிடிப்பதற்கு முன்னால் தூசையும் கறையையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் உங்கள் சாப்பாடு, அதுதான் ஏச்சு வாங்காமல் இருக்கிற வழி. விமானத்தில் ஏறி வந்துவிட்டதால் அந்தப் பழக்கம் போய்விடாது. சொந்த வீட்டுக்குள்ளும் ஒரு வேலைக்காரியின் கண்ணோடுதான் நடக்கிறீர்கள். சோதனை போடுவதற்கு ஆளே இல்லாத வீட்டில் நீங்களே சோதனை போடுகிறவராகவும் நீங்களே ஏச்சு வாங்குகிறவராகவும் இருக்கிறீர்கள்.

இதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தேத்தண்ணியைக் குசினி வாசலில் நின்றுகொண்டே குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடும் எல்லாருக்கும் போட்டுவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில், சட்டியில் மிச்சமானதோடு. நீங்கள் கட்டிய முன் மண்டபத்தில் ஒரு கதிரையில் கடைசியாக எப்போது இருந்தீர்கள்? குடிபூரலன்று படம் எடுக்க இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் காணவில்லை. உங்கள் காசில் எழும்பிய வீட்டில் உங்களுக்கென்று ஒரு இருக்கை இல்லை என்றால், அங்கே சோபா செட் வந்தாலும் நீங்கள் அதைத் துடைப்பீர்கள், இருக்கமாட்டீர்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல வருவது இன்னும் ஒரு விளக்கு ஏற்றுங்கள், இன்னும் ஒரு பூ வையுங்கள் என்பதல்ல. காலையில் கோலமும் விளக்கும் பூக்கிண்ணமும் பத்து நாளில் விட்டுப்போனதற்கு உங்கள் மனவுறுதி குறைவு காரணமில்லை. ஏற்கெனவே நிறைந்து வழிகிற ஒரு நாளுக்குள் இன்னும் மூன்று வேலையைச் சேர்த்தீர்கள், அவ்வளவுதான். வேலையாக வந்தது வேலையாகவே போயிற்று. வேறென்ன நடக்கும்?

கோலத்தைப் பற்றி ஒரு சிறு பக்கக் கதை. அந்த வீடியோக்களில் வருகிற தினக்கோலம் தமிழ்நாட்டு வாசல்களின் வழக்கம், சாணம் தெளித்து இறுகிய தரையிலோ சிமெந்து வாசலிலோ போடுவது. நமது கரையோரத்து வளவுகளில் கால் புதையும் வெண்மணல். நம் வீடுகளில் கோலம் பெரும்பாலும் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும்தான். மண்ணில் கோலம் நிற்கவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொண்டது வீண். விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றம் கூட்டினால் மணலில் வளைந்து வளைந்து கோடு விழுமே, அதற்குமேல் ஒருவரும் மிதிக்காத அந்தக் கொஞ்ச நேரம் முற்றம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். செய்துவிட்டு, கிறுகிக்கூடப் பார்க்காமல் குசினிக்குள் போய்விடுகிறீர்கள்.

அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஏற்கெனவே செய்கிற வேலைகளில் ஒன்றே ஒன்றை எடுங்கள். அது முடிந்ததும், அடுத்த வேலைக்குப் போகாமல், ஒரு கதிரையில் இருந்து அதைப் பாருங்கள். முற்றமாக இருந்தால் கூட்டி முடித்து, கை கழுவி, தேத்தண்ணியோடு முன்விறாந்தையில் இருந்து முற்றத்தைப் பார்ப்பது. பத்து நிமிடம் போதும். முதல் சில நாள் இருக்கவே முடியாது, கால் பரபரக்கும், அடுப்பில் ஏதோ கிடக்கிற மாதிரி இருக்கும், யாராவது கண்டுவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கும். அது அப்படித்தான் இருக்கும். கண் தன்பாட்டில் ஒரு சருகைக் கண்டுபிடித்து "அந்தா" என்று காட்டும். காட்டட்டும், எழும்பாதீர்கள்.

உங்கள் ஷோகேஸ் கனவைப் பற்றியும் ஒன்று கேட்கவேண்டும். குவைத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கோப்பை செட் இன்னமும் பெட்டிக்குள் இருக்கிறது, ஷோகேஸ் வந்தால்தான் வெளியே எடுப்பேன் என்கிறீர்கள். ஆறு கோப்பையில் ஒன்றை நாளைக்கே எடுங்கள், உங்களுக்கு. உடைந்தால் ஐந்து இருக்கும்.

அந்த வாசம்

இப்போது காத்தான்குடிக் கடைக்கு வருவோம். வாசத்துக்கு மூளையில் ஒரு குறுக்குப்பாதை உண்டு. மற்றப் புலன்களை விட மணமே, ஞாபகத்தையும் உணர்ச்சியையும் கையாளுகிற பகுதிகளோடு மிக நெருக்கமாகத் தொடுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் நீங்கள் நினைப்பதற்கு முன்னமே கண்ணீர் வந்தது. இதில் விசர் எதுவும் இல்லை.

ஆனால் நீங்கள் வெட்கப்படுகிற காரணம் வேறு. உங்களைப் பிரித்து வைத்த வீட்டை, பிள்ளைகள் வளர்ந்ததைக் காணவிடாத வீட்டை, நான் எப்படி விரும்பலாம் என்பது. தங்கச்சி, ஒரு இடத்தில் கஷ்டப்பட்டதும் உண்மையாக இருக்கலாம், அங்கே அழகான ஒன்றைக் கண்டதும் உண்மையாக இருக்கலாம். வியாழக்கிழமைப் பின்னேரம் எல்லா வேலையும் முடிய, கரியில் பகூர் போட்டு அறை அறையாகக் கொண்டுபோவீர்கள், பிறகு ஏலக்காய் மணக்கிற கோப்பியைப் பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுப்பீர்கள், அந்த நேரம் வீடே அமைதியாகும் என்று எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது வருடத்தில் அந்த நேரத்தை உண்டாக்கியவர் யார்? கரியைப் பற்றவைத்தவரும் கோப்பியை வார்த்தவரும் நீங்கள். அவர்கள் அனுபவித்தார்கள், நீங்கள் செய்தீர்கள். அதைச் செய்யத் தெரிந்த கை உங்களோடுதான் ஊருக்கு வந்திருக்கிறது.

நம் வீடுகளிலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு. சிரட்டைக் கரியில் போட்டு வீடு முழுக்கக் காட்டுவதை உங்கள் அம்மா இப்போதும் செய்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் "பழைய ஆக்களின் வேலை" என்ற ஒரு வரியோடு. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் கையிலிருந்து அந்தத் தட்டை நீங்கள் வாங்கிப் பாருங்கள். விருப்பமென்றால் கொஞ்சம் பகூரையும் காத்தான்குடியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? ஏலக்காய்க் கோப்பியையும் போடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை என்கிறீர்கள். ஒரு கோப்பைக் கோப்பியோடு தொடங்கலாம்.

ஆனால் அந்த வீட்டில் எழுத முடியாத எதுவும் உங்களுக்கு நடந்திருந்தால், அடி, தொந்தரவு, என்னவாக இருந்தாலும், அது வேறு கதை. அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

அவர்களுக்கும் ஒரு வீடு இருந்தது

கணவர் மேலும் அம்மா மேலும் உங்களுக்கு இருக்கிற கோபம் விளங்குகிறது. "ஆருக்குக் காட்டுறதுக்கு" என்ற சொல் குத்தும். ஆனால் நீங்கள் இல்லாத ஒன்பது வருடம் அவர்கள் அந்த வளவில் சும்மா இருக்கவில்லை. அம்மா அடுப்படியை ஒரு ஒழுங்கில் வைத்திருந்தார், உப்புப் பேணி எங்கே, உலை மூடி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டும் எடுப்பார். கணவர் தொழிலால் வந்து வலையைக் காயப்போட்டுவிட்டு மாமரத்துக்குக் கீழே பாயைப் போட்டுப் படுப்பார். நீங்கள் வந்து உப்புப் பேணியை மாற்றினீர்கள், பன்பாயைச் சுருட்டி "பழசு" என்று கோடிப்புறம் வைத்தீர்கள், வலைக்கு வேறு இடம் காட்டினீர்கள். வீடியோவில் பார்த்தால் அதெல்லாம் துப்புரவு. அவர்களுக்கோ, நீங்கள் இல்லாத நாட்களைத் தாக்குப்பிடிக்க வைத்த சின்னச் சின்னப் பழக்கங்கள் பிடுங்கப்பட்ட மாதிரி இருந்திருக்கும். அவர் கேட்டதை ஏளனம் என்று எடுத்தீர்கள், சரி, கொஞ்சம் ஏளனமும் இருக்கலாம், ஆனால் அதற்குள் "எனக்கு இந்த வீட்டில் எங்கே இடம்" என்பதும் இருக்கிறதோ என்று எனக்குப் படுகிறது. நம் பக்கத்தில் ஆம்பிளைகள்தானே கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்கு வருகிறார்கள், அவர் ஏற்கெனவே உங்கள் அம்மாவின் வளவில் இருக்கிறவர்.

பாயைத் திருப்பிப் போடுங்கள். பன் புல்லில் இழைத்த நல்ல பாய், சாயம் மங்கினாலும் அதற்குள்ள அழகு மாபிளுக்கு வராது (இது என் சொந்தக் கருத்து, நீங்கள் ஏற்கத் தேவையில்லை). உப்புப் பேணியையும் அம்மாவின் இடத்துக்கே விட்டுவிடுங்கள். பதிலுக்கு ஒன்றைக் கேளுங்கள், வாய்விட்டு, தெளிவாக. முன்விறாந்தையின் ஒரு மூலை உங்களுடையது, அங்கே வலை வராது, புத்தகப்பை வராது, வெற்றிலைத் தட்டம் வராது. முழு வீட்டுக்கும் சண்டை பிடிப்பதை விட ஒரு மூலைக்குப் பேசி எடுப்பது லேசு.

வேலைப் பங்கையும் சேர்த்தே பேச வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடிப்பது மனதைப் பொறுத்த விடயம் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஐந்து பேர் சாப்பிட்ட கோப்பைகளை ஒரே ஆள் கழுவுகிற வீட்டில் அந்த ஆளுக்கு நேரமே இருக்காது, நேரமில்லாமல் எந்த அழகும் கண்ணில் படாது. 12 வயது மகனுக்குத் தன் கோப்பையைக் கழுவத் தெரியவேண்டும். 16 வயது மகள் மட்டும்தான் உங்களுக்கு உதவுகிறாள் என்றால் அதுவும் நியாயமில்லை. நீங்கள் இல்லாத காலத்தில் கணவர் சமைத்திருக்கிறார், பிள்ளைகளுக்கு இடியப்பம் வாங்கி வந்து சொதி வைத்துக் கொடுத்திருக்கிறார், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வந்திறங்கிய அன்றே எல்லாவற்றையும் நீங்கள் பறித்து எடுத்தீர்கள், குற்றவுணர்ச்சியில். கிழமையில் இரண்டு நேரச் சமையலைத் திருப்பிக் கொடுங்கள். உப்புக் கூடினாலும் சாப்பிடுங்கள்.

கடன், கையெழுத்து, மற்ற விமானம்

சோபாவுக்கும் ஷோகேஸுக்கும் கடன் வேண்டாம் என்பது என் கருத்து. அவை கெட்டவை என்பதற்காகச் சொல்லவில்லை. புதிதாக வாங்கிய எதற்கும் மனிதர் சீக்கிரம் பழகிப்போவார்கள், இது உளவியலில் நன்றாகவே ஆராயப்பட்ட விடயம். சோபாவின் சந்தோசம் மாதக்கணக்கில் தேயும், கடன் மட்டும் கிழமைக்குக் கிழமை புதிதாக வந்து வாசலில் நிற்கும். நுண்கடன் என்ற பெயரில் நம் மாவட்டத்துப் பெண்கள் பட்ட பாட்டை நீங்கள் ஊரிலேயே கண்டிருப்பீர்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே அடைக்க முன்வரும் அளவுக்கு அது போயிற்று. சீலிங் வேறு. கச்சான் காற்றுக் காலத்தில் ஓட்டுச் சூடும் தூசும் தாங்காது என்று எழுதியிருக்கிறீர்கள், அது அலங்காரமல்ல, உடம்புக்குத் தேவையானது. அதை ஒரு அறையில் தொடங்குங்கள், நீங்கள் படுக்கிற அறையில். சீட்டுப் பிடித்தோ சேமித்தோ ஒவ்வொரு அறையாகப் போகலாம்.

கணவரின் கையெழுத்துக் கதைக்கு வருகிறேன். நான் சட்டத்தரணி இல்லை, ஆனாலும் இந்தத் தவறான எண்ணம் கிழக்கில் நிறையப் பேரிடம் இருப்பதால் சொல்கிறேன். மனைவியின் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் சம்மதம் வேண்டும் என்பது தேசவழமைச் சட்டத்தின் ஏற்பாடு, அது வட மாகாணத் தமிழருக்குரியது. மட்டக்களப்புக்கென்று முன்பு இருந்த முக்குவர் சட்டமும் இப்போது நடைமுறையில் இல்லை. நமக்குப் பொதுச் சட்டம்தான், அதன்படி 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்தே மணமான பெண் தன் பேரிலுள்ள சொத்தைத் தானே ஆளலாம். உங்கள் கணவர் யாழ்ப்பாணத்தவராக இருந்தால் கதை மாறும். எதற்கும் உறுதியை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், சீதன உறுதியில் அம்மாவுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கிற உரிமை) எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக அவருக்குச் சொல்லாமல் உறுதியைக் கொண்டுபோய் ஈடு வைத்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கிற மற்ற நான்கு பேரின் கூரையும் அதுதான்.

மற்றது திரும்பக் குவைத்துக்குப் போகிற யோசனை. போகலாம், போவது பாவமல்ல, உங்கள் உழைப்பில்தான் அந்த வீடு எழும்பியது. மகளுக்கு உயர்தரம் வரப்போகிறது, காசும் தேவை. ஆனால் ஒரு சந்தேகம் எனக்கிருக்கிறது. அங்கே உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும், நீங்கள் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த இடம் அது, இங்கே வந்ததும் எதுவும் பிடிபடவில்லை. அந்தத் தடுமாற்றத்திலிருந்து தப்பத்தான் விமானம் கண்ணுக்குத் தெரிகிறதோ? அப்படியென்றால் இரண்டு வருடம் கழித்து இதே விறாந்தையில் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள், மகன் 14 ஆகியிருப்பான். ஏஜென்சிக்காரருக்கு இப்போது பதில் சொல்லவேண்டாம். தூக்கமும் உடம்பும் சரியான பிறகு, கணக்குப் போட்டு, பிள்ளைகளையும் இருத்தி வைத்துக் கேட்டு முடிவெடுங்கள். அவசரப்படுத்தினால், அவசரம் அவருடையது.

சின்னச் சடங்குகளுக்கு ஒரு வழி

கடைசியில் நீங்கள் கேட்டது, "தினமும் எதையாவது செய்து பழக ஒரு பட்டியல் தாங்கோ அக்கா." பட்டியல் தரமாட்டேன், தந்தால் அதையும் வேலையாக்கிவிடுவீர்கள். முற்றமும் தேத்தண்ணியும் தினத்துக்கு. கிழமைக்கு ஒன்றென்றால் வெள்ளிக்கிழமைத் தயிர்ச்சட்டி இருக்கிறதே. எருமைத் தயிர் வாங்கிவந்தால் நீங்கள் அதை உடனே பங்குபோட்டு முடித்துவிடுகிறீர்கள். பிரெட் பிரையன்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் சந்தோசத்தை ஆறுதலாக அனுபவிப்பதைப் பற்றியே நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் சொல்வது, ஒரு இன்பம் மூன்று தரம் கிடைக்கும், எதிர்பார்க்கும்போது ஒருதரம், நடக்கும்போது ஒருதரம், பிறகு நினைத்துப் பேசும்போது ஒருதரம். ஆகவே காலையிலேயே "இண்டைக்கு இரவைக்குத் தயிர்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இரவு ஐந்து பேரும், நீங்களும் இருந்து, ஒன்றாகச் சாப்பிடுங்கள். வெறும் சட்டியில் மகன் ஏதாவது நட்டுவைக்கட்டும், நந்தியாவட்டைக் கிளையோ கீரையோ. விட்டுப்போகிற கிழமைகளும் இருக்கும். மாரியில் முற்றம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், கூட்டவே முடியாது, அந்த மாதங்களுக்கு வேறொன்று தானாக வரும், மழைக்கு அடுப்படியில் இருந்து கச்சான் கடலை வறுப்பது மாதிரி.

மகள் சொன்னதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள். அவள் உங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்பது வருடமும் அவளுக்குக் கிடைத்த அம்மா, போனில் அரை மணித்தியாலம் மற்ற எந்த வேலையும் செய்யாமல் அவளோடு மட்டும் கதைத்த அம்மா. இப்போது அதே வீட்டில் நாள் முழுக்க இருக்கிறீர்கள், கையில் எப்போதும் ஒரு துணி இருக்கிறது. விறாந்தையில் இரண்டாவது கதிரை ஒன்றையும் போட்டு வையுங்கள். வா என்று கூப்பிடாதீர்கள், அந்த வயதில் கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் போகிறீர்கள் என்று முடிவு செய்து அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.